யூரியா வாளியில் என் கை

பிளஸ் ஒன்னில் கெமிஸ்ட்ரி கணக்கென்றால் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் எனக்கு இருந்தது. அன்னவாசல் டியூஷனில் ஞாயிறுதோறும் டெஸ்ட் வைப்பார்கள். பேப்பரை மாற்றிக்கொண்டு நாங்களே திருத்துவோம். அன்று எனக்கு வந்தது தோழி செல்வியின் பேப்பர்.

சமநிலைக் கணக்குகளை எல்லாம் சரியாகப் போட்டிருந்தாள். கடைசிக் கணக்கு, யூரியா தண்ணீரில் கரையும்போது ஏற்படும் வெப்ப மாற்றம். விடைக்கு முன்னால் பிளஸ் குறி இருந்தது. எது கரைந்தாலும் வெப்பம் வெளியேறத்தான் செய்யும், மைனஸ்தான் வரும் என்று நானே முடிவு கட்டி, சிவப்பு மையில் அடித்தேன்.

"இதுகூடத் தெரியாதாடி?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

செல்வி சண்டை போடவில்லை. "சாயங்காலம் எங்க வயலுக்கு வாரியா?" என்றாள்.

போனேன். நெல்லுக்குத் தெளிப்பதற்காக அவள் அம்மா அரை வாளித் தண்ணீரில் யூரியாவைக் கொட்டிக் கெட்டியாகக் கரைத்துக்கொண்டிருந்தார். நாலு மணி வெயில் முதுகைச் சுட்டது.

"கைய விட்டுப் பாருடி" என்றாள் செல்வி.

விட்டேன். விரல்கள் விறைத்தன. ஒரு துண்டு ஐஸ் கிடையாது. ஆனால் வாளியின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது.

"எப்பவும் இப்புடித்தான் குளுந்து போகும். இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்த, ஆத்தா?" என்று அவள் அம்மா சிரித்தார்.

எனக்குக் கையை எடுக்க மனம் வரவில்லை. நான் அடித்துவிட்ட அந்தப் பிளஸ் குறி என் கையின் சூட்டையே குடித்துக்கொண்டிருந்தது.

செல்வியிடம் பேப்பரைக் கேட்டு வாங்கினேன். சிவப்புக் கோட்டுக்கு மேலேயே ஒரு டிக் போட்டேன். விறைத்த விரல்களுக்குப் பேனா பிடிபடவில்லை. நான் போட்ட டிக்குகளில் அதைப்போலக் கோணலானதும் இல்லை, அதைப்போலச் சரியானதும் இல்லை.