சலவைக்கடை அக்கா இறந்துவிட்டதாக வந்த அறிக்கை

கணவர் போன பிறகு மூன்று ஆண்டுகளாகச் சலவைக்கடையை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருந்தார், தெருவே அக்கா என்று கூப்பிடும் அந்த அம்மா. ஆஸ்பத்திரிப் போர்வைகளை வெளுத்துத் தரும் வேலை தேடி வந்தது. பெரிய மிஷின் வேண்டும். கடன் கேட்டு வங்கிக்குப் போனார்.

அதிகாரி கணினியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க இறந்துட்டதா இருக்கு."

"யாரு சொன்னா?"

"கடன் தகவல் நிறுவனம். யார் கடன் வாங்கினாங்க, ஒழுங்கா கட்டினாங்களான்னு எல்லா வங்கியும் மாசாமாசம் அவங்களுக்கு அனுப்பும். அதைச் சேர்த்து அறிக்கையா தருவாங்க. அதைப் பாத்துதான் நாங்க கடன் குடுப்போம்."

விஷயம் கேட்ட கொழுந்தனார் சிரித்துவிட்டார். "விடுங்க அண்ணி, கம்ப்யூட்டரோட மல்லுக்கட்ட முடியுமா?"

"நான் செத்துட்டேன்னு நானே ஒத்துக்கணுமா?"

மறுநாளே தன் அறிக்கையை வாங்கிப் படித்தார். கணவரோடு சேர்ந்து வேறொரு வங்கியில் வாங்கிய வீட்டுக்கடன் அதில் இருந்தது. இருவர் பெயருக்கும் எதிரே 'இறந்தவர்'. கணவர் பெயருக்கு எதிரே அந்தச் சொல்லைப் பார்த்ததும் சற்று நேரம் எழுத்து தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, திருத்தம் கேட்டு அந்தக் கடன் தகவல் நிறுவனத்துக்கு எழுதிப்போட்டார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது: வங்கி தகவலை உறுதி செய்துவிட்டது, மாற்றம் இல்லை. போன் போட்டார்.

"வங்கி அனுப்புறதைத்தான் நாங்க பதிவு பண்றோம்மா. நாங்களா மாத்த முடியாது" என்றாள் அங்கிருந்த பெண்.

"சட்டியில இருந்தாதான் அகப்பையில வரும்ங்கறீங்க. சரி, சட்டியையே போய்ப் பாக்கறேன்."

வீட்டுக்கடன் கொடுத்த அந்தப் பழைய வங்கிக்கு நான்கு நாள் நடந்தார். எங்கள் பக்கம் தப்பே வராது என்று மேலாளர் சாதித்தார். அக்கா நாற்காலியை விட்டு நகரவில்லை.

"அவர் போனப்ப நான் இங்க குடுத்த இறப்புச் சான்றிதழை எடுங்க. அதுல யார் பேர் இருக்குன்னு மட்டும் படிச்சுச் சொல்லுங்க."

கோப்பு வந்தது. மேலாளர் கணவரின் பெயரைப் படித்தார். அடுத்த வார்த்தையிலேயே சுருதி இறங்கிவிட்டது. ஒருவருக்குப் போட வேண்டிய குறியை யாரோ கணக்கு முழுவதற்கும் போட்டிருந்தார்கள். திருத்தி அனுப்புகிறோம், நீங்கள் போகலாம் என்றார். முத்திரை வைத்த கடிதம் கைக்கு வந்த பிறகுதான் அக்கா எழுந்தார்.

அடுத்த மாத அறிக்கையில் அவர் உயிரோடு இருந்தார். கடனும் கிடைத்தது. ஆனால் அதற்குள் ஆஸ்பத்திரி வேலையில் பாதி வேறொரு கடைக்குப் போயிருந்தது. மீதிப் பாதியை விடாமல் பிடித்துக்கொண்டார். கொழுந்தனாரும் நான்கு ஆட்களும் வாசல் நிலையைக் கழற்றித்தான் மிஷினை உள்ளே ஏற்றினார்கள்.