லெப்டொப்புக்கு முக்காடு போட்ட பகல்

தங்கச்சியின் கலியாணப் படங்கள் ஒரு பென்டிரைவில் வந்து சேர்ந்தன. திறந்து பார்த்தால் படங்களைக் காணோம். இறுக்கிச் சுருக்கிப் பூட்டிய ஒரேயொரு கோப்புத்தான் இருந்தது. பெண்கள் பக்கத்தைப் படமெடுக்கக் கற்பிட்டியிலிருந்து வந்த பெண், அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாதென்று அப்படிச் செய்திருந்தாள். கடவுச்சொல்லை மணப்பெண்ணிடம் மட்டும் சொல்லியிருந்தாள். தங்கச்சி அதைக் கட்டாரிலிருந்து எனக்குச் சொன்னாள்.

இந்தப் படங்களுக்காக வீட்டில் மிகவும் தவித்தது உம்மாதான். கலியாணத்தன்று அவர் டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். மாப்பிள்ளைக்கு லீவு குறைவு, நாளைத் தள்ள முடியவில்லை. தங்கச்சி உடம்பை மூடிய கறுப்பு அபாயாவோடு வார்டுக்கு வந்து ஸலாம் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாள். மண்டப வாசலிலேயே பெண்களின் ஃபோன்களை ஒரு கூடையில் வாங்கி வைத்துவிட்டதால் யாரிடமும் ஒரு படமும் இல்லை. எங்கள் பெண்களில் அவளை மணப்பெண்ணாகப் பார்க்காத ஒரே ஆள், பெற்ற உம்மா. "எப்பிடி இருந்தா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு வர்ணிக்க வராது. "வடிவா இருந்தா" என்பேன். அவருக்கு அது போதாது.

டவுனில் கணினி வைத்திருக்கும் எந்தக் கொமியூனிகேஷன் கடையில் கொடுத்தாலும் நிமிஷத்தில் திறந்து தருவார்கள். ஆனால் அங்கே இருப்பவர்கள் எல்லாரும் ஆண்கள். "என்ட மொகத்தக் கடைக்காரன் பாக்கவா?" என்று உம்மாவின் தங்கையான சாச்சி ஒரேயடியாக மறுத்துவிட்டார். மிஞ்சியது, என் கணவர் பாலாவி உப்பு வியாபாரத்துக்கு வைத்திருக்கும் பழைய லெப்டொப். அதில் பெரிய மென்பொருள் எதைப் போட்டாலும் மூச்சு முட்டி நின்றுவிடும்.

கொழும்பில் கணினி வேலை செய்யும் என் தம்பி ஒரு குட்டிக் கருவியை அனுப்பினான். ஒரு படத்தின் அளவுகூடப் பாரமில்லை. தட்டுவதற்குப் பொத்தான் கிடையாது, பார்ப்பதற்கு அழகும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதினால் கோப்பை விரித்துத் தருமாம். வீடியோ கோலில் திரையைக் காட்ட முடியாது, அக்கம்பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் படங்களுக்குள்ளே இருக்கிறார்கள். அதனால் அவன் ஃபோனில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, நான் ஒற்றை விரலால் தட்டினேன். உம்மாவும் சாச்சியும் இரண்டு தோளிலும் சாய்ந்து நின்றார்கள்.

"ராத்தா, முதல்ல புதுசா ஒரு ஃபோல்டர் செஞ்சி அதுக்குள்ள போங்க. இது நிக்கிற எடத்துலயே எல்லாத்தையும் கொட்டிரும்."

"கொட்டினா கொட்டட்டும், பொறகு அள்ளிக்கலாம். நீ அடுத்ததச் சொல்லு."

பொறுமைக்கு நான் பெயர் போனவள் அல்ல. தம்பி பெருமூச்சு விட்டு அடுத்ததைச் சொன்னான். தங்கச்சி சொன்ன கடவுச்சொல்லையும் போட்டு எண்டரைத் தட்டியதும் வரிகள் மளமளவென்று ஓடின. ஓடி முடிந்ததும் அந்தக் கருவி ஒரு பேச்சுமில்லாமல் நின்றது. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவரும் இல்லை.

கறுப்புத் திரையை ஒதுக்கினேன். லெப்டொப்பின் முகப்பு முழுக்கப் பெண்கள்! விளிம்பிலிருந்து விளிம்புவரை சின்னச் சின்னக் கட்டங்களில், நகையும் பட்டுமாக. புரியாணிக் கவளத்துக்கு வாயைத் திறந்தபடி சாச்சி நட்டநடுவில் இருந்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் என் கணவரின் குரல். கூடவே லொறிக்காரர் இரண்டு பேர்.

"லெப்டொப்பக் கொண்டு வாங்க, இவங்களுக்கு ஒரு பில் அடிக்கணும்."

மூடியை மடக்கலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சாச்சி தன் தொழுகைச் சால்வையை உருவி லெப்டொப்பின் மேல் எறிந்தார். நான் ஃபோனோடு அதற்குள் தலையை விட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் ஆவி பிடிப்பது போலத்தான் இருந்திருக்கும்.

"தம்பி, கொட்டிருச்சு. எப்பிடி அள்றது?"

பாவி, சிரித்து முடித்த பிறகுதான் சொன்னான். முதலில் புது ஃபோல்டருக்கு ஒரு வரி, பிறகு எல்லாவற்றையும் அதற்குள் தள்ள இன்னொரு வரி. வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தபோது என் கணவர் கதவடியில் நின்றார்.

"லெப்டொப்புக்கு எப்ப இருந்து முக்காடு?"

"இண்டைக்கு இருந்து" என்றார் சாச்சி.

லொறிக்காரர்கள் தேத்தண்ணி குடித்து, பில்லும் வாங்கிப் போன பிறகு உம்மா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் படத்தைத் திறந்தேன். அவர் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இவ என்ட புள்ளயா?" என்று மட்டும் கேட்டார். நான் ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.

சாப்பாட்டுப் படம் வந்தது. எங்கள் கலியாணங்களில் சஹன் என்ற பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். மணப்பெண்ணின் சஹனில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். உம்மாவுக்குக் கண் கூர்மை.

"ஏன் இவட பக்கத்துல ஒரு எடம் வெறுமையா கிடக்கு? வேற ஆள் கிடைக்கல்லயா?"

"மாமிமார் எல்லாரும் உக்காரப் பாத்தாங்க உம்மா. அவ விடல்ல. அது ஒங்கட எடமாம்."

உம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து குசினிக்குப் போனார்.

அன்று பகல் வெறும் சோறும் மீன் ஆணமும்தான். அதை உம்மா சஹன் தட்டில் போட்டுக் கொண்டு வந்து பாயில் வைத்தார். நாங்கள் நால்வர் உட்கார்ந்தோம். உம்மாவுக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்த இடத்தில் என் கணவர் வசதியாகக் காலை நீட்டப் போனார்.

"கொஞ்சம் தள்ளி இருங்க மகன்" என்றார் உம்மா. "அது சின்னவட எடம்."