கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே

போதகர் ஐயா தன் கட்டுரைகளைப் போன வருட நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதுவார். பச்சை மை, சாய்ந்த எழுத்து. தாளைத் திருப்பினால் முடிந்துபோன ஏதோ ஒரு மாதம் இருக்கும். கோத்தகிரி கடைவீதியில் நான் வேலை பார்த்த டி.டி.பி. கடைக்கு மாதம் ஒருமுறை அந்தத் தாள்களைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவருவார். திருச்சபை மாத இதழில் அவர் எழுதுவதைப் படிப்பதற்கென்றே வாசகர்கள் இருந்தார்கள். திட்டுவதற்கென்றே வாங்கியவர்களும் இருந்தார்கள். கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்றவளைக் கடைசி வரிசையில் முழங்காலிட வைத்த பிறகுதான் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால், அங்கே முழங்காலிட வேண்டியவர்கள் நாம்தான் என்று ஒருமுறை எழுதினார். பக்கத்து வீட்டு இந்துப் பெரியவரின் வேண்டுதல் கடவுளின் காதில் விழாது என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று இன்னொருமுறை. "ஐயா வேதத்த உட்டுட்டாருங்க" என்று கடைக்கு வந்தவர்கள் என்னிடமே சொல்வார்கள்.

நான் பிழையில்லாமல் அடித்துக் கொடுப்பேன், அவ்வளவுதான். ஆனால் 'இரக்கம்' என்ற சொல் வரும்போதெல்லாம் விசைகளை ஓங்கித் தட்டுவேன். அவரை எனக்கு முன்பே தெரியும். அவருக்குத்தான் என்னைத் தெரியாது.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அம்மா, நாங்கள் குடியிருந்த தேயிலை எஸ்டேட்டின் குளத்தில் இறந்துபோனாள். காலையில் தண்ணீர் எடுக்கப் போனவள் திரும்பவில்லை. வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார்கள் சிலர். அவளாகவே இறங்கிவிட்டாள் என்றார்கள் பலர். அதற்கு முன்பு சில மாதங்களாக அவள் யாரோடும் சரியாகப் பேசாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது தொழிலாளர் லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கேட் பூட்டியிருந்தது. உள்ளே சபைக் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர், நடுவில் புதிதாக வந்திருந்த இளம் போதகர்.

"தற்கொலைன்னு சொல்றாங்க. சபைச் சட்டம் இடம் கொடுக்கல" என்றார் அவர்.

"கொளத்துப் பாறை பூரா பாசிங்க ஐயா. வழுக்கிட்டா. நீங்களே வந்து பாருங்க" என்று அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். போதகர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட் திறக்கவில்லை.

பெட்டி வந்த வழியே திரும்பியது. சிலோனிலிருந்து வந்து எங்கள் லைனில் குடியிருந்த குடும்பங்கள்தான் எஸ்டேட் ஓரத்தில் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் குழி வெட்டினார்கள். கிறிஸ்தவர்களுக்கு என்ன ஓதுவது என்று அவர்களுக்குத் தெரியாது. அப்பா பரமண்டல ஜெபத்தைத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அவர் ஆலயத்துக்குப் போகவில்லை. ஆனால் புதிதாக யாரைப் பார்த்தாலும், அவர்கள் கேட்காமலே, பாறையில் பாசி இருந்ததைச் சொல்லத் தொடங்கிவிடுவார். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருக்கும். வளர்ந்த பிறகு, ஒருவேளை அவள் வழுக்கி விழவில்லையோ என்று பயமாக இருந்தது.

அந்த இளம் போதகர் சமவெளியில் பல ஊர்களில் ஊழியம் செய்து, பெயர் பெற்ற எழுத்தாளராகி, ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நரைத்த தலையோடு மறுபடி எங்கள் மலைக்கே வந்தார். முகத்தை வைத்து நான் அவரை அடையாளம் காணவில்லை. கடையில் அவர் பேசிய முதல் வாக்கியத்திலேயே குரலைத் தெரிந்துகொண்டேன். இரண்டு வருடம் அவருடைய கட்டுரைகளை அடித்தேன், ஒரு வார்த்தை சொல்லாமல்.

ஒரு மழைநாளில் வந்த கட்டுரையின் தலைப்பு, 'நான் பூட்டிய கேட்'. தான் இளைஞனாக இருந்தபோது ஒரு பெண்ணின் உடலை வாசலோடு திருப்பி அனுப்பியதை எழுதியிருந்தார். அன்று தான் பயந்தது கடவுளுக்கு அல்ல, கமிட்டிக்கு என்று எழுதியிருந்தார். பிறகு எழுதியதெல்லாம் அந்தக் கேட்டைத் திறக்கும் முயற்சிதான் என்றும். கடைசி வரி: "அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை."

அதை அடித்து முடித்தேன். பிறகு அடுத்த வரியில் அம்மாவின் பெயரை அடித்தேன்.

மறுநாள் மெய்ப்புப் பார்க்க வந்தவர் கடைசி வரியில் விரலை வைத்தார். "இது நான் எழுதலயேம்மா."

"அவங்க பேருங்க ஐயா. எங்கம்மா."

அவர் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் அவசரமாக எடுக்காதது எனக்கு ஆறுதலாக இருந்தது. கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, "அவங்கள எங்க வெச்சிருக்கீங்கம்மா?" என்றார். சொன்னேன். "அப்பா இருக்காருங்களா?"

"இருக்காருங்க. கட்டபெட்டுல, என்னோட."

"நான் வரலாமான்னு கேட்டுச் சொல்லுங்க. வேண்டாம்னு சொன்னாருன்னா அது நியாயந்தான்."

அப்பாவிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டை நகர்த்தவில்லை. முழுவதும் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்து, "ஊட்டுக்கு வேண்டாம். அவகிட்ட வரட்டும்" என்றார்.

சனிக்கிழமை காலை, பையில் மடித்துக் கொண்டுவந்த வெள்ளை அங்கியைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்று போட்டுக்கொண்டார் போதகர். அப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார். போதகர் கிட்டே வந்ததும், இத்தனை வருடம் தயாராக வைத்திருந்ததைப் போலத் தொடங்கினார்: "ஏனுங்க ஐயா, அன்னைக்குப் பாறை பூரா பாசிங்க..."

போதகர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, போதுங்க. வழுக்கி உழுந்தாங்களோ, தாங்க முடியாம எறங்குனாங்களோ, அத கேக்க நான் வரலீங்க. அன்னைக்கும் கேட்டிருக்கக் கூடாது. எப்படிப் போயிருந்தாலும் அவங்க கர்த்தரோட புள்ளதான். கேட்டத் தொறக்காதது என்னோட பாவம்."

அப்பா அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார். நான் பதறிப்போய்க் குனிந்தேன். அவர் முகம், இலை மூட்டையை எடை போடும் இடத்தில் இறக்கிவிட்டு நிமிர்கிறவரின் முகம் போல இருந்தது. அவளாகவே இறங்கியிருக்கலாம் என்ற எண்ணம் அப்பாவுக்குள்ளும் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இனி யாருக்கும் அவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

அடக்க ஆராதனையை ஒரு வரி விடாமல் படித்தார் போதகர். இலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு வந்து நின்றார்கள். அன்று குழி வெட்டியவர்களில் ஒருவரின் மனைவி, "இப்பதான் சரியா அனுப்பி வெச்சிருக்கோம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கட்டுரையை வெளியிட இதழ்க் குழு மறுத்துவிட்டது. அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்குப் பதிலாக அதையே பீடத்தில் நின்று வாசித்தார். பேராயருக்குப் புகார்கள் போயின. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், ஓய்வுக்கு முன்பே வேலை போய்விடும் என்று பேச்சு. நான் சேர்த்த ஒரு பெயரால் அவர் வாழ்க்கையே கெட்டுவிட்டதோ என்று தூக்கமில்லாமல் கிடந்தேன். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் மத்தியானம் கடைக்குள் வந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பேராயரு முழுசாப் படிச்சுட்டாரும்மா. இத ஏன் இதழ்ல போடலன்னு கேக்கறாரு." எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கட்டுரை அம்மாவின் பெயரோடு வந்தது. அந்த வருடமே கமிட்டி கூடி, இறந்தவர் யாரானாலும் கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டு என்று தீர்மானம் போட்டது. அம்மாவை அங்கே மாற்றலாமா என்று கேட்டார்கள். "வெச்ச எடத்துல அவ நல்லாத்தான் இருக்கா" என்றுவிட்டார் அப்பா.

போதகர் ஓய்வு பெற்றுச் சமவெளிக்கு இறங்கிவிட்டார். இன்னும் எழுதுகிறார், இன்னும் திட்டு வாங்குகிறார். அப்பா இப்போது என்னோடு ஆலயத்துக்கு வருகிறார். போன ஞாயிறு பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது என் முழங்கையை இடித்து, "உங்கம்மா இந்த எடத்துலதான் சுருதிய உட்டுருவா. உட்டாலும் சத்தத்தக் கொறைக்க மாட்டா" என்றார். அம்மா பாடுவாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அப்பா அதை எனக்குப் பாடிக் காட்டினார், அவள் பாடியது போலவே, தப்பாக, உரக்க. முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை.