காப்பு கட்டிய விதியும் நிரம்பிய டிஸ்க்கும்

கம்ப்யூட்டரில் விதிகளுக்கு இடம் ஒதுக்குவதும் வீட்டில் பரண் ஒழிப்பதும் ஒரே வேலைதான்: எதையும் தூக்கிப் போட விடமாட்டார்கள், இடம் ஏன் இல்லை என்றும் நம்மையே கேட்பார்கள். போன வருடம் இறக்கியதையே இந்த வருடமும் துடைத்து ஏற்றி வைக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கல்யாணமாகிக் கொல்லிமலைக்கு வந்தபின், வாசலூர்பட்டிக்குப் பக்கத்தில் மிளகு வாங்கும் ஒரு கம்பெனியில் சில வருடம் இந்த வேலை பார்த்தேன். ஈரம் அதிகமானால் விலையில் எவ்வளவு பிடிப்பது, சொன்ன வாரத்துக்குள் சரக்கு வராவிட்டால் என்ன செய்வது என்று கம்பெனியின் விதிகள் எல்லாம் ஒரு டேட்டாபேஸில் இருக்கும். மூட்டை தராசில் ஏறியதும் அவற்றைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் பில் போடும். டிஸ்க் நிரம்பாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நிரம்பினால் பில் வராது, வசவு மட்டும் வரும்.

நகலுக்கு மேல் நகல்

எங்கள் மேனேஜர் சிவகுமார் நாமக்கல்லில் உட்கார்ந்திருப்பார். காலையில் ஈர அளவை ஒரு புள்ளி ஏற்றுவார், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இறக்குவார். ஒவ்வொரு முறையும் மொத்த விதிகளும் புதிதாக ஒரு நகல் ஆகிவிடும். பழையதும் அப்படியே இருக்கும்.

நானோ, மேசையைத் திறந்து காட்டச் சொல்லி, உள்ளே ஒரு கசங்கிய காகிதம் இருந்தாலும் முட்டி போட வைக்கும் சிஸ்டரிடம் கான்வென்ட்டில் படித்தவள். குப்பை சேர்ந்தால் உடம்பு எரியும். பழைய நகல்களையாவது அழிக்கட்டுமா என்று போனில் கேட்டால், மனிதர் நிதானமாகச் சொன்னார்: "அழிச்சுப்போட்டா முன்னாடி நான் என்ன முடிவு பண்ணுனேன்னு எனக்கே தெரியாதுங்க மேடம்."

தராசுக்கு முன்னால் ஒரு வரிசை

ஒரு நாள் காலை டிஸ்க் நிரம்பியே விட்டது. வெளியே பனி விலகவில்லை, வாசல் வரை மூட்டைகள். கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; முதல் மூட்டை குண்டனி நாட்டு வெள்ளையம்மாவுடையது. சொந்தக் கொடியில் தானே ஏறிப் பறித்து, தானே காயவைத்துக் கொண்டுவருபவர். "பழைய விதியெல்லாம் அடைச்சுக்கிட்டு நிக்குதுங்க, கொஞ்சம் பொறுங்க" என்றேன். என்னென்னவோ தற்காலிகக் கோப்புகளை அழித்து மிஷினை மூச்சு விட வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

வெள்ளையம்மா மூட்டை மேலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். "எங்க நங்கையா ஊட்டையும் ஒருக்கா வந்து ஒழிச்சுக் குடுங்க அம்மிணி. ஓட்டைக் குண்டாவக்கூட வெளிய போடமாட்டீங்கறா." நங்கையா என்றால் நாத்தனார்.

ஓடாத விதி

விதிகளில் ஒன்றுக்குத் தேதியே கிடையாது. குண்டனி நாட்டில் நோம்பி என்கிற கோயில் திருவிழாவுக்குக் காப்பு கட்டிவிட்டால், நோம்பி முடியும்வரை அந்தப் பக்கத்து மிளகு ஊர் எல்லை தாண்டாது. தாமதத்துக்கு விலையில் பிடிக்கக் கூடாது என்பது அந்த விதி. நோம்பி எப்போது என்று ஊர்ப் பெரியவர்கள்தான் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். அதனால் காப்பு கட்டியது தெரிந்ததும் நான் அதை ஆன் செய்வேன், நோம்பி முடிந்து தேங்கிய சரக்கெல்லாம் வந்து சேர்ந்ததும் ஆஃப் செய்வேன்.

ஒரு வருடம் ஊரில் ஏதோ வழக்கு, நோம்பி நின்றுபோனது. அடுத்த வருடம் சேலத்திலிருந்து வந்த இன்ஜினியர் பிரவீன், வருடம் முழுக்க ஓடாத விதிகளை எல்லாம் அழித்து இடம் பண்ணலாம் என்றார். அந்தப் பட்டியலில் இதுவும் இருந்தது. "வருசத்துக்கு ஒருக்கா வர்ற மாமியாருக்கு ஊட்ல கட்டில் போட்டு வைக்கிறதில்லையா, அப்படி நினைச்சுக்கோ" என்றேன். பிரவீன் சிரித்தார். "மாமியார் கட்டிலை மடக்கி வெக்கலாம் மேடம், இதை மடக்க முடியாது."

குத்துவிளக்கு

மகள் பரீட்சைக்காக நான் லீவில் இருந்த வாரம் பிரவீன் அந்த நோம்பி விதியை அழித்துவிட்டார். திரும்பி வந்த அன்று நோம்பி முடிந்து குண்டனி நாட்டு மூட்டைகள் வாசலில் நின்றன. வெள்ளையம்மாவின் பில்லில் தாமதப் பிடித்தம். அவர் கத்தவில்லை. "சாமி காரியத்துக்கு அபராதமுங்களா?" என்று கேட்டுவிட்டு மூட்டையின் வாயைத் திரும்பக் கட்டினார். மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சி சந்தைக்கு இறக்கிவிடுவார், பின்னால் நிற்பவர்களும் இறங்கிவிடுவார்கள், அப்புறம் எங்கள் வாசலை மிதிக்கமாட்டார்கள் என்று தெரிந்தது.

புது விதி எழுதினால் கம்பெனி ஒப்புதலுக்கு ஒரு வாரம் ஆகும். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட விதியைப் பழைய நகலிலிருந்து எடுத்துப் போட யாரையும் கேட்க வேண்டாம். நான் திட்டித் தீர்த்த சிவகுமாரின் நகல்கள் குவியலாகக் கிடந்தன, அதில் அந்த விதி பத்திரமாக இருந்தது. ஆனால் சுருக்கி வைத்திருந்த அந்த நகலைப் பிரிக்க டிஸ்க்கில் இடமில்லை; பிரவீன் மிச்சம் பிடித்ததையும் புது நகல்கள் தின்றிருந்தன. தேடினால், முதலாளி திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றிய வீடியோ ஒரு மூலையில் மகாராஜா மாதிரி படுத்திருந்தது. அழித்தேன். இன்றுவரை அவர் கேட்கவில்லை.

விதியை ஆன் செய்து மறுபடி பில் போட்டதும் பிடித்தம் போயிருந்தது. வெள்ளையம்மா பில்லை முந்தானையில் முடிந்துகொண்டே என் மிஷினை ஒரு பார்வை பார்த்தார். "இரும்பா இருந்தாலும் சொல்றவிங்க சொன்னா சாமிக்குப் பயப்படுதுங்க."

இப்போது எல்லாம் எங்கேயோ இருக்கும் பெரிய சர்வருக்குப் போய்விட்டது, என் வேலையும் கூடவே போய்விட்டது. மூட்டை பிரிக்கும்போது அந்தச் சின்ன அறைக்குள் அடிக்கும் மிளகு நெடியில் தும்மித் தும்மி வேலை பார்த்ததை நினைத்தால், வீட்டில் தாளிக்கும்போது வரும் தும்மல்கூட எனக்குப் பிடித்துப்போகிறது. காப்பு கட்டியதும் வெள்ளையம்மா எனக்குப் போன் செய்வார், நான் பிரவீனுக்குச் செய்வேன். "ஆன் பண்ணியாச்சு மேடம், மாமியார் கட்டில் போட்டாச்சு" என்பார்.

அளவில்லாத இடம் வாங்கிவிட்ட கம்பெனிக்கு, காப்பு கட்டிய செய்தி மட்டும் சம்பளமில்லாத ஒருத்தியின் அடுப்படி வழியாகத்தான் இன்னும் போய்ச் சேருகிறது.