திண்டிவனத்துக் கடையில் எங்கள் வீட்டு பைபிள்

கல்லறைத் திருநாள் முடிந்த அடுத்த வாரம் திண்டிவனம் போய் வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் வீட்டுக்காரரோடு மண்ணுக்குள் போய்விட்டது என்று நான் நினைத்திருந்த புத்தகம், அங்கே ஒரு பழைய சாமான் கடையில் விற்பனைக்கு இருந்தது. அதைப் பார்க்கத்தான் போனேன். வேளாங்கண்ணி போனதைப் பற்றி எழுதியபோது நிறையப் பேர் பஸ் விவரம் கேட்டீர்கள். அதனால் இதிலும் அதைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். தப்பு இருந்தால் நீங்களே சரியாக வாசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் புத்தகத்தைச் சொல்லிவிடுகிறேன். கறுப்புத் தோல் அட்டை போட்ட பழைய இங்கிலீஷ் பைபிள். விழுப்புரம் ரயில்வே காலனியில் ஒரு வெள்ளைக்கார ரயில் கார்டு குடும்பம் இருந்ததாம். என் வீட்டுக்காரருடைய தாத்தா அவர்கள் வீட்டில் சமையல் வேலை பார்த்தார். அவர்கள் சீமைக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போனார்கள். முன்பக்கத்தில் பிறப்பு, கல்யாணம், சாவு எழுதுவதற்கென்றே அச்சடித்த தாள்கள் உண்டு. முதல் தாளில் வெள்ளைக்காரர்கள் தங்கள் பிள்ளைகள் பேரை எழுதியிருந்தார்கள். எமிலி என்று ஒரு குழந்தை ரெண்டு வயசில் போய்விட்டது. அந்தப் பேருக்கு நேராக மட்டும் ரெண்டு தேதி இருக்கும்.

அடுத்த தாளில் எங்கள் குடும்பம், தமிழில். தாத்தா, மாமனார், என் வீட்டுக்காரர், அவர் தம்பி சவரி, வாழ வந்த மருமகள்கள், பிள்ளைகள், கடைசியாக சவரியின் பேரன். என் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனாலும் ஜெபம் முடிந்ததும் அந்தத் தாளை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராகச் சொல்லி வேண்டிக்கொள்வார். எமிலி பேரையும் சொல்லுவார். "அதுக்கு இங்க யாரு இருக்கா?" என்பார்.

சித்திரை மாசம் அவர் போய்விட்டார். பெட்டியில் அவர் நெஞ்சின்மேல் புத்தகத்தை வைத்தது நான்தான். எங்கள் ஊரில் பொம்பளைகள் கல்லறை வரைக்கும் போகிற வழக்கம் இல்லை, கோவிலோடு நின்றுவிடுவோம். பெட்டியைக் கடைசியாக மூடுவது குழிக்குப் பக்கத்தில்தான். மூடுவதற்கு முன்னால் மோதிரம், செயினை எடுத்து வீட்டில் சேர்ப்பது தம்பி முறைக்காரருடைய வேலை. சவரி மோதிரத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். "புக்கு?" என்று கேட்டேன். "உள்ளதான் இருக்குது அண்ணி" என்றான்.

போன மாசம், திண்டிவனத்தில் காலேஜ் படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண் என் போனுக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். "அத்தை, இது மாமா பேருதானே?" என்று எழுதியிருந்தாள். ஆமாம். அதே தாள். பக்கத்துத் தாளுக்கும் இதற்கும் நடுவில் மெழுகு சொட்டிய கறை, பாதி அங்கே, பாதி இங்கே. ஒரு நாள் கரண்ட் போனபோது நான் சொட்டவிட்டது.

குழியைத் தோண்டினார்களா? இல்லை, குழிக்கே போகவில்லையா? சவரியிடம் போட்டோவைக் காட்டினேன். பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தான். "இதே மாதிரி இன்னொன்னு இருக்கும் அண்ணி" என்றான். என் மாமனார் கையெழுத்திலேயே இன்னொன்றா? நான் நேரில் போய்ப் பார்க்கிறேன் என்றதும், "நானும் வர்றேன், நீங்க எப்பிடித் தனியா போவீங்க?" என்றான். வேளாங்கண்ணிக்கு நான் தனியாகப் போனபோது அவனுக்கு இந்த அக்கறை வரவில்லை.

விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டில் காலை ஒன்பதே காலுக்கு ஏறினோம். சென்னை போகிற பஸ் எல்லாம் திண்டிவனம் வழியாகத்தான் போகும். ஆனால் சில கண்டக்டர்கள் திண்டிவனம் டிக்கெட் என்றால் முகம் சுளிப்பார்கள், ஏறுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நாற்பது கிலோமீட்டருக்குள்தான், ஒரு மணி நேரம் ஆகிறது. எங்களுக்கு ஆளுக்கு முப்பத்தெட்டு ரூபாய். டவுன் பஸ் மாதிரி இதில் பொம்பளைகளுக்கு இலவசம் கிடையாது.

விக்கிரவாண்டி தாண்டியதும் சவரி எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் போனில் குசுகுசுவென்று பேசினான். கண்டக்டர் சத்தம் போட்டார். "பெரியவரே, உள்ள வந்து பேசு. படியில நின்னுக்கினு பேசினா போன் மட்டும்தான் வீட்டுக்குப் போவும்!"

பஸ்ஸே சிரித்தது. திரும்பி வந்து உட்கார்ந்தவனிடம், "யாருகிட்ட பேசினே?" என்றேன்.

"மல்லாட்டை வெலை கேட்டேன்." வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்.

"மல்லாட்டை போட்டு வித்து எத்தினி மாசம் ஆவுது? இன்னும் வெலை கேட்டுக்கினு இருக்கியா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

திண்டிவனத்தில் மேம்பாலத்தாண்டை இறக்கிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்குள் போகாத பஸ் நிறைய, அதனால் இறங்குகிற இடத்தையும் கேட்டுவிடுங்கள். ஆட்டோக்காரர் ஐம்பது ரூபாய் கேட்டார். "பழைய சாமான் கடைன்னா இரும்புக் கடையாம்மா?" என்றார். நான் போனை எடுத்து அந்தப் பெண் அனுப்பிய விலாசத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் சவரி, "மசூதி தாண்டி ரெண்டாவது சந்துப்பா, ஜல்தி போ" என்றான்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"கேட்டுக்கினேன்."

"யாருகிட்ட?"

ஆட்டோ சத்தத்தில் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டான்.

கடை சின்னதுதான். சுவரெல்லாம் ஓடாத கடிகாரம். பித்தளைச் சொம்பு, ரயில்வே லாந்தர், ஒரு கிராமபோன். உள்ளே காலை வைத்ததும் கடைக்காரர் சவரியைப் பார்த்து, "இன்னா பெரியவரே, மறுபடியும் வந்துட்டீங்களா? வெலை அதேதான்" என்றார்.

நான் சவரியைப் பார்த்தேன். சவரி கிராமபோனைப் பார்த்தான்.

கடைக்காரர் எடுத்துக் கொடுத்த புத்தகத்தை மடியில் வைத்துத் திறந்தேன். எமிலி தாள் இருந்தது. அதன் ஓரத்தில் பாதி மெழுகுக் கறை இருந்தது. மீதிப் பாதி இல்லை. எங்கள் தாளே இல்லை. புத்தகத்தின் நடுமடிப்பில் விரலை விட்டேன். பிளேடால் அறுத்த ஓரம் நறுக்கென்று தட்டுப்பட்டது.

"இதுல ஒரு தாளு எங்கங்க?" என்றேன்.

அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "நான்தாம்மா எடுத்தேன். பாண்டிச்சேரிலேர்ந்து வர்றவங்க வெள்ளைக்காரங்க பேரு இருந்தாதான் வாங்குவாங்க. நடுவுல நம்ம ஆளுங்க பேரு இருந்தா வெலை எறங்கிடும்."

"எடுத்து எங்க போட்டீங்க?"

"எங்கயும் போடல. உங்க ஆளுகிட்டதான் குடுத்தேன். போன வாரம் வந்து ஒத்தக் கால்ல நின்னாரே!"

புத்தகத்துக்கு எட்டாயிரம் சொன்னார். எனக்கு அதை வாங்கத் தோன்றவில்லை. எமிலி பேரை ஒரு தடவை தடவிப் பார்த்து மூடிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

சந்து முனையில் ஒரு டீக்கடை. டீ பன்னிரண்டு ரூபாய், நன்றாகவே இருந்தது. சவரியே சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து டீக்கடை பெஞ்சில் வைத்தான். உள்ளே எங்கள் தாள்.

"பெட்டிய மூடச்சொல்லத்தான் போனேன் அண்ணி. குழி வெட்டினவருதான் தடுத்தாரு. உசுரோட இருக்கறவங்க பேரு எழுதினத மண்ணுக்குள்ள வெக்கக் கூடாதுன்னாரு. எல்லாரையும் சேத்துப் பொதைக்கிற மாதிரி ஆயிடும்னாரு. துண்டுக்குள்ள சுத்தி எடுத்துக்கினு வந்துட்டேன். உங்ககிட்ட சொல்ல வாய் வரல. வீட்டுல வெச்சிருந்தத மருமவ பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடுச்சு. தேடிக் கண்டுபிடிச்சு வந்தா எட்டாயிரம்ன்றான். தாளையாவது குடுய்யான்னு வாங்கினேன்."

"பஸ்ல யாருகிட்ட பேசினே?"

"கடைக்காரன்கிட்ட. என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதன்னேன்."

"நல்லாக் கேட்டான் போ."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. "அப்ப புக்குக்குப் பதிலா அவரு நெஞ்சு மேல என்னதான் வெச்சே?" என்றேன்.

"என் ஜெபமாலைய. அதுல யாரு பேரும் இல்ல இல்ல?"

மத்தியானம் ஒன்றரைக்குள் விழுப்புரம் வந்துவிட்டோம். இந்த மாதிரி உங்கள் வீட்டுப் புத்தகத்தைத் தேடிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். அட்டையைப் பார்த்து மயங்காதீர்கள். முன்தாள்களைத் திறந்து மடிப்பில் விரல் விட்டுப் பாருங்கள், அறுத்திருந்தால் தெரியும். அறுத்த தாளைப் பெரும்பாலும் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதீர்கள், அந்தச் சந்தில் பாதிக் கடை தொழுகைக்கு மூடிவிடுவார்கள். வீட்டில் சாவு நடந்தால், பழைய பேப்பர்காரரை ஒரு வருஷத்துக்கு வாசல் பக்கம் விடாதீர்கள்.

சவரி சொன்னதை நான் அப்படியே நம்பிவிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குழி வெட்டுகிறவரை நிறுத்திக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நான் ஒண்ணும் சொல்லலியேம்மா. உங்க கொழுந்தனாருதான் அந்தத் தாளத் தொறந்து வெச்சிக்கினு ரொம்ப நேரம் நின்னாரு. மழை வர்ற மாதிரி இருக்குது, ஜல்தி பண்ணுங்கன்னு மட்டும் சொன்னேன்."

வீட்டுக்கு வந்து தாளை எடுத்துப் பார்த்தேன். தடுத்தது வேறு யாரும் இல்லை, அவனேதான். அவன் பேரனுக்காக இருக்கும் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, என் வீட்டுக்காரர் பேருக்கு அடுத்தாற்போல் என் பேர்தான் இருக்கிறது. பெட்டியில் அவர் நெஞ்சின்மேல் நான் அந்தப் புத்தகத்தை வைக்கும்போது எனக்கு அது தெரியாமல் இல்லை. என் பேரும் அவரோடு போகட்டும் என்றுதான் வைத்தேன். இதைச் சவரியிடம் நான் சொல்லவில்லை. அவனும் என்னிடம் கேட்கவில்லை.