பதினான்கு சாக்கு வௌவால் எரு

என் மூத்த நானாவுக்கு, அண்ணனுக்கு, தொண்ணூறு ஊசி போட்டார்கள். அத்தனையையும் எண்ணியவன் நான். அத்தனையும் வீண்.

பல்லேகமப் பக்கத்துக் குகைகளில் வௌவால் எரு அள்ளிவந்து மிளகுக் கொடிகளுக்கு விற்பது அவர் தொழில். காய்ச்சலும் இருமலும் விடாமல் போகவே, பெரிய டொக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துக் கசம், காசநோய் என்று நாளுக்கொரு ஊசி எழுதினார். மூன்று தடவை சளி பார்த்தும் கிருமி காணவில்லையே என்றேன்.

"நீர் டொக்டரோ, நான் டொக்டரோ?" என்று கேட்டார்.

கசக்காரரை வீட்டுக்குள் வைத்திருக்கப் பயந்து, தனிக் கோப்பையும் தனிப் பீங்கானும் கொடுத்து, பின்னால் எரு வைக்கும் கொட்டிலில் படுக்கவைத்தோம். சுற்றிலும் பதினான்கு சாக்குகள்.

"தூசி தாங்க முடியல்ல தம்பி, இதுகள வெளியே போடேன்" என்றார் நானா.

"மழையில எரு கெட்டுப் போகும்" என்றேன்.

வாயில் புண் வந்தபோது, புதிதாக வந்த இளம் டொக்டர் அதில் துளி கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். கசமல்ல, பூஞ்சணம். வௌவால் எருவில் நூலாக வளர்வது, மூச்சோடு உள்ளே போனதும் உடம்புச் சூட்டில் உருமாறி, ஈரல்வரை பரவிவிடுமாம்.

"எரு உள்ள பக்கம் போறவரா?" என்று கேட்டார்.

"அதுக்குள்ளதான் படுத்திருக்கார்" என்றேன்.

கொழும்பிலிருந்து மருந்து வர ஒன்பது நாள் ஆனது. நானா ஏழாம் நாளே மவுத்தானார். பெரிய டொக்டர்மேல் உள்ள ஆத்திரம் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆனால் நானாவுக்குப் படுக்கக் கொட்டிலைக் காட்டியது அவரில்லை.

ஜனாஸாவை எடுத்த பிறகு சாக்குகளை மழையில் இழுத்துப் போட்டேன். பதினான்கையும்.