தம்பி இளைக்க வைத்த ஃப்ளைவீல்

போன திங்கட்கிழமை, கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் அவள் மாமியாரும் என் கிளினிக்குக்கு வந்திருந்தார்கள். பரிசோதனை முடிந்தது. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். பஸ் எப்போது வருமோ, யாருக்குத் தெரியும்? நானும் அந்தப் பக்கம்தான் போகிறேன்.

"வாங்க, கார்ல விட்டுடறேன்" என்றேன்.

மாமியார் சட்டென்று மருமகளின் கையைப் பிடித்து இரண்டடி பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேணாங்க டாக்டரம்மா, நாங்க பஸ்லயே போய்க்கிறோம். பிரசவத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

இப்படி ஒரு மரியாதை வேறு எந்த டாக்டருக்காவது கிடைத்திருக்குமா?

அந்த அம்மாள் மேல் தப்பில்லை. என் பச்சைக் காரின் புகழ் அப்படி.

திருத்தணியில் கார் ஓட்டுகிற பெண் நான் ஒருத்திதான். ஆரம்பத்தில் பஜாரில் நான் போனால் எல்லோரும் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பிறகு பழகிவிட்டது. 'டாக்டரம்மா போறாங்க' என்று ஒதுங்கி வழிவிட்டு, அவரவர் வேலையைப் பார்த்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது... என் தம்பி தனபால் அந்தக் காரைத் தொடுகிற வரைக்கும்.

தனபாலுக்கு விசைத்தறி மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற தொழில். கை சுத்தம். குணமும் தங்கம். ஒரே ஒரு பைத்தியம் — மோட்டார் ரேஸ். மெட்ராஸ் பக்கம் எங்கே கார் ரேஸ் நடந்தாலும் கடையைச் சாத்திவிட்டு ரயிலேறிவிடுவான். அவன் அறைச் சுவரில் சாமி படத்தை விட ரேஸ் கார் படங்கள் அதிகம்.

போன தீபாவளிக்குப் பிறகு காரில் கிளட்ச் பிளேட் தேய்ந்துபோனது. "எங்கிட்ட விடுக்கா. மெட்ராஸ்ல நம்ம ஃப்ரெண்டு ஒருத்தன் ஒர்க் ஷாப் வெச்சிருக்கான். ஜம்முனு பண்ணிக் குடுப்பான்" என்று எடுத்துப் போனான். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தான். முகத்தில் ஒரு பிரகாசம்.

"ஓட்டிப் பாருக்கா. ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு."

ஏறி உட்கார்ந்தேன். முன்பெல்லாம் ஸ்டார்ட் செய்தால் தூங்குகிற பூனை மாதிரி 'உர்ர்ர்' என்று ஒரே சீராக இருக்கும். இப்போது குளிர் ஜுரம் வந்த பேஷன்ட் மாதிரி நடுங்கியது. கிளட்ச் மிதித்தேன். பெடலா அது, பாறையா? முழு பலத்தையும் கொடுத்து மிதித்து, வழக்கம்போல் மெல்லக் காலை எடுத்தேன்...

தவளை மாதிரி ஒரே தாவல். அடுத்த நொடி இன்ஜின் செத்துப்போனது.

"என்னடா இது?"

"புது கிளட்ச்சுக்கா. பழகற வரைக்கும் அப்பிடித்தான். நீ காலை எடுக்கற விதம் சரியில்லை."

டாக்டர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. யாராவது உறுதியான குரலில் காரணம் சொல்லிவிட்டால் நம்பிவிடுவோம். நாங்களும் அப்படித்தானே சொல்கிறோம்! நானும் நம்பினேன்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே... ரயில்வே கேட் திறந்ததும் எல்லா வண்டியும் போகும், என் வண்டி மட்டும் நின்றுபோகும். பஸ் ஸ்டாண்டு வாசலில் குறுக்கே நின்று திருப்பதி பஸ்ஸை மறிக்கும். கண்டக்டர் ஊதுகிற விசில் சத்தம் என் கனவில் வர ஆரம்பித்தது. பூக்காரப் பெண்கள் தூரத்தில் என்னைப் பார்த்ததுமே கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். என் கணவர், பள்ளிக்கூட வாத்தியார், பாவம் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மலைக்கோவிலுக்குப் போவதென்றால், "நான் படியேறி வந்துடறேனே, புண்ணியம்" என்று முன்னாடியே கிளம்பிவிடுவார். ஊரில் அவருக்கு நல்ல பக்திமான் என்று பெயர் வந்துவிட்டது.

எனக்கு வந்த பெயர் வேறு. டீக்கடையில் பேசியது என் காதிலேயே விழுந்தது. "டாக்டரம்மா ஊசி போட்டா எறும்பு கடிச்ச மாதிரிதான். கார்தான்... வயசாவுதில்ல? பொம்பளைங்களுக்கு எதுக்குய்யா காரு?"

சுருக்கென்றது. நாற்பத்தொன்று ஒரு வயசா?

விடியற்காலையில் கனகம்மாசத்திரம் ரோட்டில் தனியாகப் போய்க் கிளட்ச் பழகினேன். இத்தனை வருஷம் ஓட்டியவள், எல்லாம் மறந்துபோன மாதிரி, அ ஆவன்னாவிலிருந்து!

பொய் சொல்லக் கூடாது. அந்தக் காரில் ஒரு சுகமும் இருந்தது. ஒரு நாள் சத்திரத்தைத் தாண்டி ஒரு பிரசவ கேஸுக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் வைக்கோல் லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ஆடி அசைந்து போனது. வழி கிடைத்ததும் ஆக்ஸிலேட்டரைத் தொட்டேன். தொட்டேன், அவ்வளவுதான்! சீறிக்கொண்டு பாய்ந்தது. லாரி எங்கோ பின்னால் பொம்மை மாதிரி ஆகிவிட்டது. யாருமில்லாத ரோட்டில் நான் மட்டும் வாய்விட்டுச் சிரித்தேன். அன்று குழந்தை பிறந்ததும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி ஒரு தடவை சிரித்தேன். 'பொம்பளைப் புள்ளை பொறந்ததுக்கு டாக்டரம்மா எம்மாம் சந்தோசப்படறாங்க பாரு' என்று வீட்டார் நெகிழ்ந்துபோனார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தனபாலுக்கு ஆந்திரா பக்கம் நகரியிலிருந்து ஒரு இடம் வந்தது. பெண்ணின் அப்பா கிருஷ்ணய்யா விசைத்தறி வைத்திருப்பவர். பெண் சுசீலா. தரகர் என்னிடம் தனியாக வந்து சொன்னார்: "அம்மா, அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாரு. பையன் நிதானமானவனா இருக்கணும். அவரு தம்பி மோட்டார் சைக்கிள்ல வேகமாப் போய்க் காலை உடைச்சிக்கினு கிடக்கறான். ரேஸு கீஸுன்னு நம்ம பக்கம் யாரும் மூச்சு விடாதீங்க."

ஒரே நாளில் தனபாலின் அறைச் சுவர் சுத்தமானது. சாமி படங்களுக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது.

மலைக்கோவிலிலேயே பெண் பார்ப்பது என்று ஏற்பாடு. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நான் காரோடு நின்றேன். என் கணவர் வழக்கம்போல் முன்னாடியே படியேறப் போய்விட்டார். கிருஷ்ணய்யா முன் சீட்டில். அம்மாவும் பெண்ணும் பின்னால். தனபால் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில், மோட்டார் சைக்கிளில் எங்களுக்குப் பின்னால் நத்தை மாதிரி வந்தான். நிதானமானவன் அல்லவா!

மலைப்பாதையில் பாதி தூரம் நன்றாகவே ஏறினோம். ஒரு வளைவில் எதிரே வேன் ஒன்று இறங்கி வந்தது. ஒதுங்கி நிறுத்த வேண்டியதாயிற்று. மேட்டில் நிறுத்தினால் திரும்ப எடுப்பது எப்படி?

வேன் போனது. எடுத்தேன். ஒரு குதி, நின்றுவிட்டது. மறுபடி எடுத்தேன். இன்னொரு குதி. கிருஷ்ணய்யாவின் நெற்றி கண்ணாடியில் இடித்தது. மூன்றாவது தடவை கருகின வாசனை வந்தது. கார் மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். பிரேக்கை மிதித்தேன். அப்படியும் சரளைக் கல்லில் சறுக்கிக்கொண்டே போனது.

"அக்கா! அக்கா!" என்று பின்னால் கத்தல். தனபால் வண்டியைப் போட்டுவிட்டு ஓரத்து முள்ளுப் புதரில் பாய்ந்தான்.

அப்போது பின் கதவு திறந்தது. பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சுசீலா குதித்தாள். ஓரத்தில் கிடந்த ஒரு பெரிய கல்லை இரண்டு கையாலும் தூக்கி வந்து சக்கரத்துக்குப் பின்னால் வைத்தாள். கார் முட்டிக்கொண்டு நின்றது. நிமிர்ந்து கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டாள். யாரும் சொல்லாமலே!

கிருஷ்ணய்யா இறங்கினார். நெற்றியைத் தடவிக்கொண்டார். என்னைப் பார்க்காமல், பொதுவாக மலையைப் பார்த்துச் சொன்னார்:

"பொம்பளை கையில வண்டியைக் குடுத்தா இப்பிடித்தான் ஆவும். இன்னைக்கு நாலு உசுரு போயிருக்கும்."

எனக்குக் காது மடல் சுட்டது. பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால்... தம்பி கல்யாணம். விழுங்கிக்கொண்டேன்.

புதரிலிருந்து தனபால் வந்தான். வெள்ளைச் சட்டை கிழிந்து, முழங்கையில் முள். என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"அக்கா மேல தப்பில்லை மாமா."

மாமா என்று வேறு கூப்பிட்டுவிட்டான்!

"அக்கா நல்லாத்தான் ஓட்டுது. நான்தான் வண்டியைக் கெடுத்தேன். இன்ஜின் பின்னாடி ஃப்ளைவீல்னு ஒரு கனமான இரும்புச் சக்கரம் இருக்கும். தையல் மிஷின்ல காலை எடுத்தாலும் சக்கரம் கொஞ்ச நேரம் சுத்திக்கினே இருக்குதில்ல, அந்த மாதிரி. அதான் இன்ஜினை நின்னுபோவாம காப்பாத்தும். அதை நான் லேத்துல குடுத்து, சீவி எடையைக் குறைச்சிட்டேன். கிளட்ச்சும் ரேஸ் கார்ல போடறது."

"எதுக்கு?"

"எனக்கு ரேஸுன்னா பைத்தியம் மாமா. வண்டி சீறணும்னு பண்ணேன். அக்காகிட்டக் கூடச் சொல்லலை. ஊரே அக்காவைப் பார்த்துச் சிரிச்சப்பவும் சொல்லலை."

தரகர் மட்டும் அங்கே இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். எனக்கு? கோபத்தில் அவனை ரெண்டு அறை விடலாம் போலவும் இருந்தது, தலையைத் தடவிக் கொடுக்கலாம் போலவும் இருந்தது.

கிருஷ்ணய்யாவின் மீசை துடித்தது. சுசீலாவின் குரல் மெதுவாக வந்தது.

"சீறிச்சுங்களா?"

"ஆங்... நேர் ரோட்டுல விட்டா பறக்குதுங்க" என்றான் இவன், முகமெல்லாம் மலர. அம்மாக்காரி பெண்ணின் இடுப்பில் நறுக்கென்று ஒரு கிள்ளு வைத்தாள்.

"எல்லாரும் ஏறுங்க" என்றேன் நான்.

வியாதி இன்னதென்று தெரிந்தால் போதாதா? சக்கரத்தில் கனம் இல்லையென்றால் இன்ஜினுக்கு நான்தான் தெம்பு கொடுக்க வேண்டும். இதுவரை மெல்ல மெல்ல என்று எடுத்ததுதான் தப்பு. ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தேன். இன்ஜின் அலறியது. அலறட்டும்! அந்தச் சத்தம் குறையாமல் பிடித்துக்கொண்டு கிளட்ச்சை விட்டேன். ஒரு உதறல். ஆனால் சாகவில்லை. குரங்குகள் மரத்துக்கு மரம் தாவி ஓட, ஒரே மூச்சில் மேலே ஏறிவிட்டோம். கிருஷ்ணய்யா கண்ணை மூடி, முருகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

சாமி கும்பிட்டு வெளியே வந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"தப்பாப் பேசிட்டேம்மா. நல்லா ஓட்டறீங்க. பையன் நிதானமில்லாதவன்தான், தெரிஞ்சுபோச்சு. ஆனா வாயை மூடிக்கினு இருந்தா காரியம் நடந்திருக்கும், அப்பவும் அக்கா மேல பழி போவ விடலை பாருங்க. காலு உடைஞ்சா கட்டிக்கலாம்மா. மத்தது இல்லைன்னா எங்க போய் வாங்கறது?"

பெண்ணைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சரியென்றாள். ரொம்ப வேகமாகவே சொன்னாள்.

சம்பந்தம் முடிந்தது. ஆனால் இறங்கும்போது கிருஷ்ணய்யா என் காரில் ஏறவில்லை. என் கணவரோடு படியிறங்கி வந்தார். புண்ணியமாம்!

யோசித்துப் பார்த்தேன். கனம் என்றால் நமக்கெல்லாம் பாரம் என்றுதான் நினைப்பு. வீட்டிலும் அப்படித்தான் — கூடவே நிற்கிற மனுஷர்களை எல்லாம் சுமை என்கிறோம். வண்டி திணறுகிற இடத்தில் அந்தக் கனம்தானே இழுத்துக்கொண்டு போகிறது?

நேற்று நிச்சயதார்த்தம். சுசீலா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதோடு கேட்டாள். நாத்தனாரை வதினா என்பது அவர்கள் வழக்கம்.

"வதினா, எனக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுக்கறீங்களா?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊரில் கார் ஓட்டுகிற இன்னொரு பெண்!

"கண்டிப்பா. பழையபடி கனமான ஃப்ளைவீல் வாங்கித் தரேன்னு தனபால் சொல்லியிருக்கான். அதை மாட்டினதும் ஆரம்பிச்சிடலாம்."

அவள் முகம் வாடிவிட்டது.

"ஐயோ, அதை மாத்தறதுக்கு முன்னாடி, வதினா!"

திருத்தணிக்காரர்களே, கூடையை மடியிலேயே வைத்திருங்கள்.